நாயுருவி உப்பு

முப்பது வருஷம் பட்டு வேகவைத்தவனுக்குச் செடியிலிருந்து உப்பு எடுப்பது பெரிய வித்தையா என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன?

எங்கள் ஆரணியில் கச்சாப் பட்டு தறிக்குப் போகுமுன் அதிலுள்ள பசை போகவேண்டும். அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு, நூலைப் புரட்டிப் புரட்டி வேகவைப்போம். தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தே சோடா போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். அந்த விரலை நம்பித்தான் வைத்தியத்திலும் இறங்கினேன்.

என் மனைவிக்கு இரைப்பு. பனிக்காலம் வந்தால் பேச்சுக்கு நடுவே நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். என்னைத் திட்டும்போதும் அப்படித்தான். வேலூரில் ஒரு டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். அதற்கு இரைப்பு நன்றாகவே கேட்டது. ஆனால் அவளுக்கு என் கையால் ஏதாவது செய்துகொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது.

கண்ணமங்கலத்தில் ஒரு சித்த வைத்தியர் நாயுருவி உப்பைப் பற்றிச் சொன்னார். செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரிக்கவேண்டும். சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக் காய்ச்சினால் அடியில் உப்பு நிற்கும். செடி நெருப்பில் செத்து, தண்ணீரில் பிழைத்து, உப்பாக எழுந்து வரும் என்றார். அவர் சொன்ன அழகில் நான் சொக்கிப்போனேன். "நீங்க இதுல இறங்காதீங்க, நானே செஞ்சி தரேன்" என்றும் அவர் சொன்னார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

களம்பூர் சாலை ஓரத்தில் இரண்டு கட்டு பிடுங்கி வந்தேன். "இன்னா, தங்கம் பண்ணப் போறியா?" என்று தெருவே கேலி செய்தது. எரித்தேன், கரைத்தேன், இறுத்தேன். காய்ச்சுவதற்கு என் பழைய பட்டு அண்டாவை எடுத்தேன். அண்டா என்றால் எனக்கு அது ஒன்றுதான். தண்ணீர் வற்றியதும் பார்த்தால் மூன்று கைப்பிடி உப்பு, வெள்ளை வெளேரென்று! நான் குதித்தேன்.

தேனில் குழைத்துக் கொடுத்தேன். "நாக்கு சுர்ருனுதுங்க" என்றாள்.

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பத்து நாள் தினமும் கேட்டேன், மூச்சு எப்படி இருக்கிறது என்று. "எவ்வளவோ தேவலைங்க" என்பாள். வீட்டில் இன்ஹேலரைக் காணவில்லை. இருமல் சத்தமும் இல்லை. தலைகால் புரியாமல் உப்பை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கண்ணமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

இரண்டு கட்டில் எடுத்தது என்று டப்பாவை நீட்டினேன். வைத்தியர் துளி எடுத்து நாக்கில் வைத்ததும் துப்பினார். "ரெண்டு கட்டுல இவ்ளோ உப்பு வராதே. எதுல காய்ச்சினீங்க?"

சொன்னேன்.

"பட்டுக்குப் போடற சோடாவைத் தேன்ல குழைச்சிக் குடுத்துகினு இருந்தீங்களா? மொதல்ல அதைக் கொட்டுங்க!"

அண்டாவின் உட்சுவரெல்லாம் வருஷக்கணக்கில் சோடா பொருக்குத் தட்டிக் கிடந்தது. பட்டு வேகவைக்கிறவன் கண்ணுக்கு அது அழுக்கே அல்ல, அண்டாவின் நிறம்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். அவள் மூச்சு முட்டும்வரை சிரித்தாள். "என்னையும் வேகவெச்சிட்டீங்களே!" என்றாள். "அப்புறம் ஏன் தேவலைன்ன?" என்று கேட்டேன். "தேவலையாத்தான் இருந்திச்சி" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் நம்பினேன். சோடாவிலேயே ஏதோ குணம் இருக்கிறது போல என்றுகூட நினைத்தேன். அப்படி ஒரு முட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் போய்விட்டாள். நின்றது இருதயம், இரைப்பால் அல்ல என்று டாக்டரே சொன்னார். கருமாதி முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். உள்ளே இன்ஹேலர்.

"அண்ணி இத்த எங்க வூட்லதான் வெச்சிருந்தாங்க அண்ணா. நீங்க உப்பு குடுத்த நாள்ல மூச்சு முட்டுனா ஜல்தியா வந்து இழுப்பாங்க. இருமி முடிச்சிட்டு, மூஞ்சியத் தொடச்சிகினு போவாங்க. 'அவரு ஆசையா செஞ்சிகீறாரு, நான் இருமனா சோறு துன்ன மாட்டாரு'ன்னுவாங்க. அப்புறமும் இங்கதான் வெச்சிருந்தாங்க."

நான் கவரை வாங்கிக்கொண்டேன்.

இப்போது புது மண்சட்டியில் காய்ச்சுகிறேன். இரண்டு கட்டுக்கு அரை ஸ்பூன் நிற்கிறது, சாம்பல் நிறத்தில். சரியான உப்பு இதுதான் என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். கேட்கிறவர்களுக்கென்று அவரிடமே கொடுத்துவிடுகிறேன். வீடு முழுக்க அவளைத் தேடி ஏங்குகிறேன், சொல்ல வெட்கமில்லை. அவள் இருமுவதை ஒரு முறை கேட்க வேண்டும். இங்கே, என் எதிரில் உட்கார்ந்து இருமட்டும். நான் சோறு தின்னாமலே கிடந்துவிட்டுப் போகிறேன்.