தறி நின்றால் பால்

அம்மாவிடம் என் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? இதை மட்டும் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. பெயருக்குத்தான் டீச்சர்!

நேற்று கரண்ட் போய், பின்தெருத் தறிகள் சட்டென்று ஓய்ந்தன. அம்மா எழுந்து, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடைச் சங்கைக் கழுவத் தொடங்கினாள். ஜன்னல் வழியே வந்த, நூலுக்குப் போடும் பாவுக்கஞ்சி வாடையோடு பழையதெல்லாம் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவு. மணி பார்க்கத் தெரியாது. தம்பி பிறந்தபோது தாய்ப்பால் போதவில்லை. அவன் அழுதால் இவளும் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். வீடுவீடாக வரும் நர்ஸம்மாதான் அவளுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னால் இருந்த தறிக்கூடத்தில் டீக்கும் சாப்பாட்டுக்கும் தறியை நிறுத்துவார்கள்; நர்ஸம்மா அதையே அடையாளமாக்கினார்.

"தறி நின்னா என்ன செய்யணும், மக்கா?"

"பால்."

"கரண்ட் போயி நின்னா?"

"பால்."

"குடு, குடு. ஒரு வாய் கூடப் போனா ஒம் மாமியாளுக்கா நட்டம்?"

அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. தம்பிக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

பிறகு நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் கூலி உயர்வு கேட்டுத் தறிக்காரர்கள் ஸ்டிரைக். அப்பா வேறு வேலை தேடி ராயகிரிப் பக்கம் போயிருந்தார். ஸ்டிரைக்கின் முதல் நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, தம்பி அழக்கூடத் திராணியில்லாமல் கிடந்தான். காலையில் காய்ச்சிய பால் ஏடு படிந்து அப்படியே இருந்தது. அம்மா பின்சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா பால் குடுக்கல?"

"தறி ஓடவே இல்லயேட்டி. ஓடுனாத்தான நிக்கும்?"

சேதி கேட்டுப் புளியங்குடியிலிருந்து அப்பாவின் தங்கை வந்தாள். "இன்னொரு நாள் இவ கையில இருந்தா பிள்ள பொழைக்காது" என்று தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அம்மா பஸ் ஸ்டாண்டு வரை பாலாடைச் சங்கோடு பின்னால் ஓடினாள். தம்பி அங்கேயே வளர்ந்தான். அம்மாவை 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறான்.

எனக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. "நான் பாத்துக்கிடுதேன் ட்டி" என்கிறாள் அம்மா. விடவும் பயம்; விடாவிட்டால் அவள் முகத்தைப் பார்க்கவும் பயம். பிள்ளைக்கு ஊசி போட ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை. தறிக்கூடத்தையும் விற்கப்போகிறார்களாம்.

அம்மாவுக்குக் காட்டித்தர, இடையில் நின்றுபோகாத ஓர் அடையாளம் வேண்டும். பிள்ளையின் அழுகையையே பழக்க முடியுமா? அதற்குள் அவள் காதைப் பொத்திக்கொள்வாளே. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.