மம்பட்டிக்குப் பதினோரு பேர்

நாரணாபுரம் விலக்கில் லாரிகள் நிற்கும் பொட்டலுக்கும் பட்டாசுக் கம்பெனி வேலிக்கும் நடுவில் எப்போது போனாலும் ஒருவர் குனிந்தபடியே இருப்பார். அவர்தான் அய்யாதுரை. வயது ஐம்பத்து நாலு. புல் செதுக்குவது வேலை. கம்பெனியைச் சுற்றிக் காய்ந்த புல் நிற்கக்கூடாது என்பது சட்டம். இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும் என்பதால் மம்பட்டி கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்பதும் சட்டம். இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட ஆறடி அகலத்தில், வேலிக்கு வெளிப்புறமாக, அய்யாதுரையின் வாழ்க்கை இருபத்திரண்டு வருடமாக நடந்து வருகிறது.

அவரது அறிவுப் பயணம் தொடங்கியதும் அந்த ஆறடியில்தான். ஒரு சீசனில் லோடு ஏற்ற வந்த பீகார் லாரி கரிசல் சேற்றில் பதிந்துவிட்டது. டிரைவர் ஓடி வந்து அவர் கையில் இருந்ததைக் காட்டி, "பாவ்டா, பாவ்டா" என்று கெஞ்சினார். அன்றுவரை மம்பட்டிக்கு மம்பட்டி என்றுதான் பெயர் என்று அய்யாதுரை நம்பியிருந்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் மண்வெட்டி என்று எழுதியிருந்தது. அதை அவர் எழுத்துப்பிழை என்று மன்னித்திருந்தார்.

அதன்பிறகு பொட்டலில் வந்து நின்ற ஒரு லாரியையும் அவர் விடவில்லை. மம்பட்டியைத் தூக்கிக் காட்டுவார், புருவத்தை உயர்த்துவார். கேரளாக்காரர் தூம்பா என்றார். ஆந்திராக்காரர் பார என்று இரண்டே எழுத்தில் முடித்துக்கொண்டார். மராட்டியர் பாவ்டே, குஜராத்தி பாவ்டோ. ஒரிசாக்காரர் கோடி என்றபோது அய்யாதுரைக்குக் கொஞ்சம் மயக்கமே வந்தது.

உள்ளூர் ஆராய்ச்சியையும் அவர் ஒதுக்கவில்லை. காண்டிராக்டர் "நாளைக்கு நாலு மம்பட்டி வேணும்" என்றால் நாலு ஆள் என்று பொருள். கல்யாணத் தரகர் மம்பட்டி என்றால் பெண்ணின் முன்பல்லைச் சொல்கிறார். வீட்டில் மனைவி பஞ்சம்மாள் மம்பட்டி என்றால் பெரும்பாலும் அய்யாதுரையைச் சொல்கிறார்.

இத்தனை படிப்புக்கும் ஒரு பலன் இருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் லாரிகளுக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்த பிறகு, பொட்டலில் சின்ன மேடை போடுவார்கள். புக்கிங் ஆபீஸ் மேனேஜர் செந்தூர்பாண்டி மைக்கை நீட்டுவார். அய்யாதுரை மம்பட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் பதினோரு பெயர்களையும் மூச்சுவிடாமல் சொல்வார். தன் ஊர்ப் பெயர் வரும்போது அந்தந்த டிரைவர் விசில் அடிப்பார். கடைசியில் ஒரு துண்டு போர்த்துவார்கள். வருடத்தில் மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அய்யாதுரையை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவரும் நிமிர்ந்து நின்றதில்லை. அந்த ஒரு நாள், அந்த ஒரு மைக், அதுதான் அவருடைய சொத்து.

அந்தச் சொத்துக்குப் பங்காளி வந்தது போன வருடம்.

பொட்டலின் மேற்கு ஓரத்தில் குல்சார் பேகம் என்ற பாயம்மா புரோட்டாக் கடை போட்டார். புருஷன் இல்லாதவர், கணீரென்ற குரல். டிரைவர்களின் பெயர் அவருக்கு நிற்காது, ஊர்தான் பெயர். "ஒரிசாவுக்கு ரெண்டு புரோட்டா, பஞ்சாபுக்கு ஒரு ஆம்லெட்" என்று அதட்டிக்கொண்டே இந்தியாவுக்குச் சோறு போட்டார். சாப்பிடுகிறவர்கள் சும்மா சாப்பிடுவார்களா? ஊர்க்கதை பேசினார்கள். பேச்சோடு பேச்சாக மம்பட்டிக்கு என்ன பெயர் என்பதும் வந்தது. அய்யாதுரை இருபது வருடம் வெயிலில் நின்று சேர்த்ததை அந்த அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து, முட்டை உடைத்தபடியே, எட்டு மாதத்தில் சேர்த்துவிட்டார். அதைவிடக் கொடுமை, அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை.

அய்யாதுரை பேச்சால் எதிர்த்தாக்குதல் தொடங்கினார். "அந்தக் கடைச் சால்னாவுல ஒரப்பே கிடையாது" என்று லாரி லாரியாகப் போய்ச் சொன்னார். நம் ஊர்க் காரத்தில் நாக்கு வெந்துபோயிருந்த வடநாட்டு டிரைவர்கள் அதைக் கேட்டதும் கண்கலங்க நன்றி சொல்லி, கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள்.

இந்த வருடம் செந்தூர்பாண்டி குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணே, பாயம்மாவுக்கும் நெறையா தெரியுமாமே? கமிட்டியில பேசிட்டோம். ரெண்டு பேரும் மேடை ஏறுங்க. மைக்குல யாரு கூடச் சொல்லுதாகளோ, இனிமே வருசா வருசம் அவுகளுக்குத்தான் மைக்கு. சமமா வந்தா பழைய ஆளு நீங்கதான்."

"அவுக சட்டி தேய்க்கவே நேரம் பத்தாதே, தம்பி. பாவம், எதுக்கு அலைய வைக்கீக?"

"அவுகளும் அதத்தான் சொன்னாக. நாங்கதான் விடல."

அன்றிலிருந்து அய்யாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு மத்தியான மழையில், அசாமிலிருந்து வந்த லாரி சரியாகப் புரோட்டாக் கடைக்கு முன்னால் பதிந்தது. டிரைவர் நனைந்தபடி வேலியோரம் ஓடி வந்து மம்பட்டியைக் காட்டிக் கும்பிட்டார். அசாம் வார்த்தை அய்யாதுரையிடம் இல்லை. கேட்டிருந்தால் பன்னிரண்டாகியிருக்கும். ஆனால் டிரைவரின் கையில் சால்னா மணந்தது. அது அய்யாதுரையின் மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டது.

"இது கம்பெனிச் சாமான். வெளியாளுக்குத் தரக்கூடாது" என்று சுத்தத் தமிழில் சொல்லி, மம்பட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பாயம்மா கடையின் கொல்லையில் கிடந்த மம்பட்டியை எடுத்து வந்து, சேலையை இடுப்பில் செருகி, அவரும் சேர்ந்து மண்ணை வெட்டினார். சக்கரம் ஏறியது. பிறகு எல்லோரும் கடைக்குள் போய் டீ குடித்தார்கள். வேலியோரம் நின்ற அய்யாதுரைக்கு அவர்கள் மம்பட்டியைக் காட்டிச் சிரித்துப் பேசியது தெரிந்தது. பேச்சு மட்டும் கேட்கவில்லை.

தீப்பெட்டிக் கம்பெனி வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் கடையில் டீ குடிப்பது பஞ்சம்மாளின் வழக்கம். வீட்டு ஒற்றராக அவரை நியமித்தார் அய்யாதுரை.

"அசாம்காரன் என்ன சொன்னான்னு நைசா கேட்டுட்டு வா."

மறுநாள் பஞ்சம்மாள் வந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"உங்க வீட்டுக்காரர வந்து கேக்கச் சொல்லு, டீயும் தாறேன்னுச்சு."

"அவ கடையில நான் டீ குடிக்கவா?"

"குடிக்காதீக. இங்கனயே உக்காந்து வயிறெரியுங்க. அடுப்புச் செலவாவது மிச்சம்."

ஆயுத பூஜையன்று பொட்டல் நிறைந்திருந்தது. தீபாவளி லோடு உச்சத்தில் இருந்ததால் எல்லா மாநிலத்து லாரியும் நின்றது. கர்நாடகா லாரிகள் மட்டும் இல்லை. தசராவைச் சொந்த ஊரில் கும்பிட வேண்டும் என்று அந்த டிரைவர்கள் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். அய்யாதுரை வெள்ளை வேட்டியில், மம்பட்டிக்கும் பொட்டு வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பொம்பளையாளு முதல்ல" என்றார் செந்தூர்பாண்டி.

டீ டிரம்மை இறக்கி வைத்துவிட்டு வந்த குல்சார் பேகம் மைக்கை வாங்கி, "மம்பட்டி" என்றார். அப்புறம் விழித்தார்.

"எனக்கு அண்ணன் மாதிரி ஒப்பிக்கத் தெரியாதுங்க. மூஞ்சியப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்." ஒயர் இல்லாத மைக் அது. அவர் மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தார். "ஏலே பஞ்சாபு, உங்க ஊருல என்னலே சொல்லுவீக?"

"கஹி!" என்று பஞ்சாப் மைக்கில் முழங்கியது. பொட்டல் அதிர்ந்தது.

அய்யாதுரை துள்ளி எழுந்தார். "இது செல்லாது! அவுக சொல்லல, அவன் சொல்லுதான்!"

"மைக்குல வந்தாக் கணக்குண்ணே. உக்காருங்க" என்றார் செந்தூர்பாண்டி.

அரியானா கஸ்ஸி என்றது. ஆந்திராவும் கேரளாவும் போட்டி போட்டுக் கத்தின. பூஜைக்கு ஊருக்குப் போக முடியாத வங்காளத்துக்காரர் கோதால் என்று அழாத குறையாகச் சொன்னார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அய்யாதுரை இருபது வருடம் தன் வாயால் சொன்ன வார்த்தைகள் இப்போது சொந்தக்காரர்களின் வாயில் போய்க் கும்மாளம் போட்டன. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக அசாம், "கோர்!"

"பதினொண்ணு" என்றார் செந்தூர்பாண்டி.

அய்யாதுரை விரலை மடக்கிப் பார்த்தார். பதினொன்று. அவரிடமும் பதினொன்று. சமம். சமம் என்றால் பழைய ஆள். இன்னும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மைக் ஆயுளுக்கும் அவருடையது.

"கன்னடத்துக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே பாயம்மா முன்வரிசைப் பக்கம் வந்தார்.

பின்னாலிருந்து காண்டிராக்டர் ஒருவர், "கன்னடத்துல அதுக்குத் தனியாப் பேரு கிடையாது. அவனுகளும் மம்பட்டின்னுதான் சொல்லுவானுக" என்றார்.

அய்யாதுரையின் காது சிவந்தது. பல்லைக் கடித்தார்.

"நெசந்தான் போல" என்றது இன்னொரு குரல். "தெரிஞ்சா அய்யாதுரை இப்படிப் பேசாம இருப்பாரா?"

குல்சார் பேகம் குனிந்து பார்த்தார். மைக் அய்யாதுரையின் மீசைக்கு நேராக வந்து நின்றது.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"குத்தலி!" அய்யாதுரை மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "யாருலே அவன் பேரு கிடையாதுன்னவன்? குத்தலிடா! அங்க ரோடு போடணும்னாலே குத்தலி பூசைன்னு தனியாப் பூசை உண்டு, தெரியுமா? மந்திரியே வந்து வெட்டுவாரு!"

"பன்னெண்டு" என்றார் செந்தூர்பாண்டி.

பொட்டல் விசிலடித்தது. குத்தலி பூஜையின் சிறப்புகளை விளக்கத் தொடங்கியிருந்த அய்யாதுரைக்கு அந்த எண் காதில் விழச் சற்று நேரமானது. விழுந்ததும் மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவர் மேடையேறிப் பதினொன்றைச் சொன்னார், மரியாதைக்குக் கைதட்டினார்கள். துண்டு பாயம்மாவுக்குப் போனது. அவர் அதை வாங்கி முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். அதையும் அய்யாதுரை பார்த்தார்.

"அடுத்த வருசமும் அங்கனயே உக்காருங்கண்ணே. கன்னடம் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ டிரம்மைத் திறக்கப் போனார்.

நாலு நாள் கழித்துக் கர்நாடகா லாரிகள் திரும்பி வந்தன. கடையின் முன்னால் இறங்கிச் சோம்பல் முறித்த அந்த டிரைவர்களை அய்யாதுரை வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். அத்தனை பேருக்கும் அந்த வார்த்தை தெரியும். அம்மா வயிற்றிலிருந்தே தெரியும். அன்று சாயங்காலம் மம்பட்டியைக் கேட்டில் சாத்திவிட்டு, கையைக் கழுவி, புக்கிங் ஆபீசுக்குப் போனார்.

"தம்பி, வருசா வருசம் கர்நாடகா லோட மட்டும் பூசைக்கு மூணு நாளைக்கு முன்னாலயே ஏத்தி அனுப்பிருங்க" என்றார். "பாவம், தசராவ அவுக குடும்பத்தோட கும்பிடட்டும்."