மண்ணெண்ணெய்த் துணி

அம்மா பிசைந்து கொடுத்த சோற்றில்கூட அந்த வருடம் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வலங்கைமான் பக்கத்துத் தோப்புகளில் இலை அறுக்கப் போகும் அப்பாவின் மடக்குக்கத்தியை அவள் நாள் தவறாமல் துடைத்ததால் கையோடு வந்த வாடை அது. வாழைப்பால் கத்தியில் காய்ந்தால் அசல் ரத்தக்கறை மாதிரியே இருக்கும். ஆட்சி மாறிச் சுவரெல்லாம் புதுக்கொடி ஏறியிருந்தது. கூலி நெல் தகராறு மட்டும் மாறவில்லை. மிராசுதாரின் ஆட்களுக்கும் எங்கள் தெருவுக்கும் கைகலப்பு ஆனபிறகு, போலீசார் வீடு புகுந்து அரிவாள், கத்தி என்று புரட்டத் தொடங்கினார்கள். கறையோடு கத்தி அகப்பட்டால் அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

வயலிலிருந்து அலுத்து வந்த உடம்போடு உட்கார்ந்து, கத்தியின் முதுகைத் தன் பக்கம் வைத்து, பழந்துணியைத் தடிமனாக மடித்து மண்ணெண்ணெயில் நனைத்து, பிடியிலிருந்து முனைநோக்கி மட்டும் இழுப்பாள். மடங்கும் இடுக்கில் ஏறிய பிசுக்கை ஈர்க்குச்சியால் நோண்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மடக்குவாள். "கத்தி வாய்ப்பக்கம் வெரல் போவக்கூடாதுடி" என்று என்னை எட்டவே நிறுத்துவாள். அடுப்புக்குப் பயந்து துணியை வெளியே வேலியில் போட்டுவைப்பாள்.

ஒருநாள் மிராசுதாரின் வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த தீயோ, இன்றுவரை தெரியாது. விடிந்ததும் வந்த போலீசாரில் ஒருவர் அப்பாவின் கத்தியைப் பிரித்துப் பார்த்து, குறையொன்றும் காணாமல் திருப்பிக் கொடுத்தார். போகிற போக்கில் வேலியில் கிடந்த துணியை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது யாருது?"

அம்மா முன்னால் வந்தாள். அதற்குள் அப்பா, "என்னுதுங்க. கத்தி தொடைக்கிறதுங்க" என்றார். கத்தி துடைக்க மண்ணெண்ணெயா என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றினார்கள்.

கேஸ் நிற்காமல் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. அதன்பிறகு அவர் இலை அறுக்கவே போகவில்லை. நடவுக்கும் களைக்கும் போய் அம்மாதான் எங்களைக் கரையேற்றினாள்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. தோப்பு மனைக்கட்டாகிவிட்டது, மிராசுதார் வீட்டார் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார்கள், அன்று அடித்துக்கொண்டவர்களில் இரண்டு பக்கமும் ஆளில்லை. எனக்கும் அதையெல்லாம் நினைத்து வருந்தத் தெம்பில்லை. கும்பகோணத்தில் என்னோடு இருக்கிற அம்மாவுக்கு என் பெயரே சில நாள் மறந்துபோகிறது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

"பொம்பளையக் கொண்டுபோனா ஊரே கேட்டிருக்கும், கை வச்சிருக்க மாட்டாங்க. என்னுதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மனுசன் என்னைச் சொல்ல வுடலயே."