பால்வாடியில் ஒரு மதியம்

ஆப்பிள் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று நர்சரிப் பள்ளியின் தலைமை டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டார். என் மகள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. வீட்டிலேயே ஒன்றிரண்டு சொல்தான் பேசுவாள். வெளியாட்கள் முன்னால் அதுவும் கிடையாது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. ஆமத்தூரில் எனக்குப் பலசரக்குக் கடை. எங்கள் சொந்தத்துப் பிள்ளைகளெல்லாம் டை கட்டி, வேன் ஏறி நர்சரிக்குப் போனார்கள். எங்களுக்கு மிஞ்சியது, பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அரசு பால்வாடி. அங்கே சத்துமாவும் தூக்கமும்தான், படிப்பு ஏது என்று என் மனைவி அழுதாள். நானும் மனசில்லாமல்தான் கொண்டுபோய் விட்டேன். பிள்ளை பேசமாட்டாள் என்று தயங்கிச் சொன்னபோது, பால்வாடி டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும் பாய். பேசுற பிள்ளைகளோட இங்கன ஒக்காந்திருக்கட்டும். நீங்க விட்டுட்டுப் போங்க."

மாதங்கள் போயின. அவள் பேசவில்லை. ஆனால் காலையில் தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சாப்பிடுவதும் தூங்குவதும் மாரி என்ற பிள்ளையின் பக்கத்தில்தான் என்று டீச்சர் சொன்னார்.

ஒரு நாள் மதியம் தூரத்தில் வெடித்தது. கடையில் மிட்டாய் பாட்டில்கள் அதிர்ந்தன. எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு பால்வாடிக்கு ஓடினேன். டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டுக்கு நடுவே அவர் கண் வாசலுக்கே போய்வந்தது. அவருடைய தங்கையும் கம்பெனிக்குப் போகிறவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மகளைத் தூக்கப் போனேன். அவள் மாரியின் கையை விடவில்லை. இழுத்துப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னாலும் தெளிவாகச் சொன்னாள்:

"மாரி அம்மா வரட்டும் அத்தா."

பாட்டு நின்றது. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு நகர்ந்து பாயில் இடம் விட்டார். நானும் உட்கார்ந்தேன். கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மாக்கள் ஓடிவந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசி வேனில்தான் மாரியின் அம்மா இறங்கினாள், கையெல்லாம் வெடிமருந்துப் பொடியோடு. கூடவே டீச்சரின் தங்கையும். செத்தவர்கள் வேறு கம்பெனியில், வேறு ஊர்ப் பெண்கள். அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது.

மறு வருஷம் நர்சரியில் இடம் தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வேண்டாம் என்று சொன்னது என் மனைவிதான். அன்று சாயங்காலம், மாரிக்கும் சேர்த்து இரண்டு சிலேட்டு வாங்கிவரச் சொன்னாள்.