ஐந்தாவது முளை

மலை நகர்ந்தது. நகரவில்லை என்று எழுதியவள் நான்.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது! நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். ஏதும் கேட்டால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். ‘செல்லம்மா சாது’ என்பார்கள். சாது... அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குள் ஒன்று சிரிக்கும். நீங்களாவது அப்படி நினைத்துவிடாதீர்கள்.

கண்டிக்கு மேலே, ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரன் காலம். அங்கே லயம் என்கிற நீண்ட வரிசை வீட்டில், காம்பரா என்கிற ஒற்றை அறைகளில், நானும் பாக்கியமும் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கணக்கில் எப்போதும் நான் முதல். வாத்தியாரின் பிரம்பை அவள் கை அறியும், என் கை அறியாது. கொழுந்து பறிக்கப் போன பிறகும், கல்யாணமான பிறகும், என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

மலையை ஆராய ஒரு துரை வந்தார். கல்லைத் தட்டிப் பார்ப்பார், மண்ணைப் போத்தலில் அடைப்பார். ‘கல்லுத் துரை’ என்று பேர் வைத்தோம். பேராதனையில் தங்கியிருந்து மாதம் ஒருமுறை காரில் வருவார்.

எங்கள் லயத்துக்கு மேலிருந்த சரிவு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். சரிவின் இரண்டு ஓரத்திலும் அசையாத பாறைகள். அவற்றுக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார். கம்பிக்கு நேராக ஒன்பது மர முளைகளை வரிசையாய் அடித்தார். மண் நகர்ந்தால் முளையும் கம்பியை விட்டுக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று ஞாயிறுதோறும் அளந்து எழுத வேண்டும். அந்த எண்களைக் கொண்டு கட்டம் போட்ட தாளில் துரை ஒரு கோடு வரைவார். கோடு செங்குத்தாய் ஏறத் தொடங்கினால் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும்... அவ்வளவுதான் அந்த ஆராய்ச்சி. எங்கள் உயிர் முழுவதும் அந்தக் கோட்டில் இருந்தது!

அளக்க, லயத்திலேயே குடியிருக்கும் ஆள் வேண்டுமாம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அங்கே கிடந்த நீண்ட மேசையை, அடிமட்டக் கோலை நகர்த்தி நகர்த்தி, மூன்று தடவை அளந்து எழுதச் சொன்னார் துரை.

முதல் தடவை எனக்கு ஒரு அளவு வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் கூடியது. பயந்துபோனேன். ஒரு கணக்குக்கு ஒரு விடைதானே? இரண்டு விடை எழுதினால் பிரம்படியல்லவா? முதலில் வந்ததையே மூன்று தடவையும் எழுதிக் கொடுத்தேன்.

பாக்கியம் மூன்று தடவையும் வேறு வேறாய் எழுதியிருந்தாள்.

கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னா புள்ள, பாக்கப் பாக்க மேச வளருதா?”

துரை சிரிக்கவில்லை. இங்கிலீசில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. “தொர சொல்றாரு... செல்லம்மா வெடைய எழுதிருச்சாம். பாக்கியம் பாத்தத எழுதிருக்காம். பாத்தத எழுதுற ஆளுதான் அவருக்கு வேணுமாம்.”

நான் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து பாக்கியத்தின் கொண்டையில் ஒரு பென்சில்! கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போதும் அதை எடுக்கமாட்டாள். “ஏய், தொரசாணி வர்றாங்க, வழிய விடுங்கடி!” என்று பெண்கள் கேலி செய்வார்கள். “தள்ளுங்கடி, மலைய அளக்கப் போறேன்!” என்று அவளும் இடுப்பை ஒடித்து நடந்து காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பல்லால் மட்டும்.

ஞாயிறு அளந்து முடித்தவுடன் அளவு எழுதும் புத்தகத்தோடு நேரே என்னிடம் வருவாள். “கூட்டல் சரியான்னு பாருங்க செல்லக்கா. கணக்கு ஒங்களுக்குத்தான் வரும்.”

திமிராய் நடந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பணிவு... அது என்னை எரித்தது. எனக்குத்தான் கணக்கு வரும் என்றால், பென்சில் ஏன் உன் தலையில்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விறகு பொறுக்கப் போனவள், சரிவில் நின்றேன். நடுவிலிருந்த ஐந்தாவது முளைதான் அதிகம் இறங்கியிருந்தது. பிடுங்கினேன். ஒரு விரல் அகலம் மேலே தள்ளி அடித்தேன். மண்ணை மிதித்து இறுக்கி, பாசியைப் பெயர்த்து மேலே ஒட்டினேன்.

மறுநாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “செல்லக்கா, அஞ்சாவது மொள மேல ஏறியிருக்குக்கா!”

“மல எங்கயாச்சும் மேல ஏறுமாடி?”

“ஏறாதுதான். மூணு தடவ அளந்து பாத்துட்டேன். ஏறித்தான் இருக்கு.”

அப்படியே எழுதினாள். எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய நேர்மையை நம்பித்தான் நான் அந்த முளையைப் பிடுங்கினேன்... இதைவிடக் கேவலம் உண்டா?

துரை வந்தார், புத்தகத்தைப் பார்த்தார், மேலே போய் முளையையும் பார்த்தார். அது வருடக்கணக்காய் அங்கேயே நின்றதுபோல் நின்றது. முகம் கறுத்துத் திரும்பினார். கணக்கப்பிள்ளைதான் கேட்டார்: “ஏன் புள்ள, நெசமா மேல போயி அளந்தியா? இல்ல அடுப்படியில குந்திக்கிட்டு எழுதுனியா?”

“கண்ணால பாத்தத எழுதுனேங்க சாமி.”

“மல ஏறுனதையா பாத்த?”

இனி நான்தான் அளக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். பாக்கியம் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி என்னிடம் நீட்டினாள். அதில் அவளுடைய தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது.

என் முதல் ஞாயிறு. ஒழுங்காகத்தான் அளந்தேன். நம்புங்கள்! ஒன்பது முளையும் இறங்கியிருந்தன, முன்பைவிட வேகமாய். உண்மையை எழுதினால் கோடு ஏறும். கோடு ஏறினால் பாக்கியம் முன்பு எழுதியதெல்லாம் சரியென்று ஆகிவிடும். பென்சில் திரும்ப அவள் தலைக்குப் போகும்...

போன வாரத்து எண்களையே எழுதினேன்.

அடுத்த வாரமும் அதே. பிறகு மேலே போகவே இல்லை. பதினொரு ஞாயிறு! மழை தொடங்கியிருந்தது. அட்டைக்கடிக்குப் பயந்து துரையும் சரிவுக்கு ஏறாமல் ஆபீசிலேயே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கோடு தரையில் படுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்துத் திருப்தியாய்த் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காக நான்... வேண்டாம். சாக்குச் சொல்ல வரவில்லை.

ஒரு நாள் காலை, கொழுந்துக்குக் கிளம்பும் நேரம். பாக்கியம் என் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் முத்தையா காய்ச்சலில் கிடந்தான், அவனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“செல்லக்கா, எங்க காம்பரா பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. வெரல் போகுது. நேத்து இல்ல. வந்து பாருங்களேன்.”

நான் எழுந்திருக்கவில்லை. “நேத்தும் இருந்துச்சுடி. ஒனக்குக் கண்ணுதான் கோளாறு.”

நான் அந்த வெடிப்பைப் பார்த்ததே இல்லை. நேற்றும் இல்லை, அன்றும் இல்லை.

விரலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். “இருந்துச்சா... நீங்க சொன்னா சரிதான். ஒங்க கணக்குத் தப்பாது.” கூடையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த நேரத்திலும், ‘ஒங்க கணக்குத் தப்பாது’ என்று அவள் வாயால் கேட்டபோது, எனக்கு உள்ளே குளிர்ந்தது. இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

மதியம் தாண்டி, மலையில் எல்லோரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஓடினோம். குழந்தைகள், வேலை நேரத்தில் அவர்களை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருந்ததால் பிழைத்தார்கள். என் காம்பரா பாதிச் சுவரோடு நின்றது. பாக்கியத்தின் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண். முத்தையாவை எடுக்க இருட்டும்வரை ஆயிற்று.

இரண்டு நாள் கழித்துத் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டினார். கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “புத்தகத்துல ஒண்ணுமே காட்டலையாம். மல சொல்லாமக் கொள்ளாம எறங்கிருச்சாம். யாரு மேலயும் தப்பு இல்லையாம்.”

நான் தலையை ஆட்டினேன்.

பாக்கியம் புசல்லாவையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சில வருடம் கழித்து, சொல்லிவிடுவது என்றே பஸ் ஏறிப் போனேன். சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சுளகை நீட்டினாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் கல்லு இருக்கான்னு பாருங்கக்கா. பாத்துப் பாத்துத்தான் பொறுக்குறேன். ஆனா என் கண்ண நான் நம்புறதில்ல.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அந்த வெடிப்பு முந்துன நாளு இல்லைன்னுதான் எனக்குத் தோணுச்சு... இருந்திருக்கு, பாருங்க.”

சுளகைப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. ஒரு குறுநொய்கூட இல்லை.

“சுத்தமா இருக்குடி” என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் செத்த செய்தி வந்தபோதும் நான் சொல்லியிருக்கவில்லை.

அவள் மீது எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். இருப்பதை இருப்பதாகப் பார்க்கும் கண் அவளுக்கு இருந்தது. அதை நான் கெடுத்தேனே தவிர, எனக்கு அது வரவே இல்லை.

இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை முளையைப் பிடுங்கியதோடு நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை அந்தப் பதினொரு ஞாயிறும் வந்தன. இந்தத் தடவைதான் அந்த வெடிப்பும், வாசலில் அவள் நின்றதும் வந்திருக்கின்றன.

அளக்க அளக்கக் கூடுகிறது... நாலாவது தடவை எழுத எனக்குத் தைரியம் இல்லை.