நான் மொழிபெயர்க்காமல் விட்ட வரி

உத்திரமேரூரில் எங்களை முதலில் சந்தேகப்பட்டவர் எங்களுக்கு அறை கொடுத்தவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பம்புசெட் மோட்டார் சாமான்கள் விற்கும் கடை அவருடையது. ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையைக் காட்டிவிட்டு, சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளச் சட்ட, டை. மெடிக்கல் ரெப்பா?"

"இல்லீங்க பாய். ஊழியத்துக்கு வந்திருக்கோம்."

"சட்டையில எல்டர்னு போட்டு கீதே, அது இன்னா?"

"மூத்தவர்னு அர்த்தங்க."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. "மூத்தவரு!" என்றார் சிரிக்காமல். "போலீஸ் டேஷன்ல ரெண்டு பேரோட பேப்பரும் காமிச்சிட்டு வாங்க. அப்பால சாவி தரேன்."

எங்கள் சபையை வெளியாட்கள் மார்மன் என்பார்கள். அதில் இளைஞர்கள் இரண்டு வருடம் வீட்டை விட்டு ஊழியத்துக்குப் போகவேண்டும். எங்கே என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. அம்மாவிடம் வருடத்துக்கு இரண்டு தடவைதான் தொலைபேசியில் பேசலாம். எப்போதும் இருவர் இருவராகத்தான் இருக்கவேண்டும், தனியே கடைத்தெருவுக்குக்கூடப் போகக்கூடாது. கோயம்புத்தூர்க்காரனான எனக்கு ஜோடியாக அமைந்தவன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விளைவிக்கும் ஏதோ ஊரிலிருந்து வந்தவன். என்னைவிட ஒரு வயது சிறியவன். நான் அவனை எல்டர் என்பேன், அவனும் என்னை எல்டர் என்பான். தமிழ் அவனுக்குப் பத்து வார்த்தை தெரியும். மற்றதெல்லாம் என் வாய்தான்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு அடங்காமல் இருந்தது. போதாததற்கு, கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க வருகிறார்கள் என்று இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. கார் வந்து வரப்போரம் நின்றாலே ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நாங்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போகவில்லை. காவாந்தண்டலம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் எங்கள் சபைச் சகோதரி ஒருத்தி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்தபோது சபையில் சேர்ந்தவள். கட்டிக்கொடுத்த ஊரில் தன்னோடு உட்கார்ந்து ஜெபிக்க ஒரு ஆளும் இல்லை என்று சென்னைக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அதற்காகத்தான் எங்களை இங்கே அனுப்பினார்கள். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன், பகலில் வீட்டில் இருக்கமாட்டான். மாமனார் நெல் பயிரிடுபவர். அவர் முன்னிலையில்தான் பேசவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. சுவரோரம் நாற்காலி போட்டு, நாங்கள் எழுந்து போகிறவரை எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் நாளே டீ வந்தது. எங்களுக்கு டீயும் காபியும் கூடாது, அது கட்டளை. எல்டர் அதை ஆங்கிலத்தில் பணிவாக, தெளிவாகச் சொன்னான். மாமனார் டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க வூட்ல குடிக்க மாட்டீங்களா? நாங்க இன்னா ஆளுங்கன்னு ரோசிக்கிறீங்களா?"

அந்தக் கேள்வியின் எடை எனக்குத் தெரியும். எல்டருக்குத் தெரியாது. ஒருவர் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போவதற்கு இங்கே என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளக்க அப்போது நேரமில்லை. "ஐயோ, அப்படியில்லீங்க. எங்க ரெண்டு பேருக்கும் வயித்துப்புண்ணுங்க. டீ ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தளர்ந்தது. அடுத்த வாரம் போனபோது மாமியார் வயிற்றுக்கு ஆகும் என்று வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரமும். நாங்கள் குடித்தோம்.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. எல்டர் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொல்வதை நான் 'பெரியவர்கள்' என்று குறைத்துச் சொன்னேன். ஞானஸ்நானம் என்று அவன் ஆரம்பித்தால் நான் ஜெபம் என்று முடித்தேன். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம், மத்தியானம், அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்தோம். கிராமத்தில் கதவு எண் கிடையாது. அதனால் எல்டர் போகிற இடமெல்லாம் நோட்டில் படம் போட்டுக்கொள்வான். கிணறு, மோட்டார் கொட்டகை, கோயில், எங்கே திரும்பவேண்டும் என்று அம்புக்குறி. அன்றும் வரப்பில் நின்று போட்டுக்கொண்டிருந்தான். யாரோ கத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி இருபது பேர். நோட்டு மாமனார் கைக்குப் போய்விட்டது.

பால் சொசைட்டி வாசலில் உட்காரவைத்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. ஆனால் போகவும் விடவில்லை.

"வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும்? இவன்தான் இட்டுகினு வரான்" என்றார் ஒருவர் என்னைக் காட்டி. "பேச்சே நம்மூரு பேச்சா இல்லயே. நீ எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

"பாரு. அங்கேர்ந்து நெலம் பாக்க வந்து கீறான்."

பாயின் அறையில் தங்கியிருக்கிறோம் என்று சொன்னேன். சொசைட்டி போனிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வருவதற்குள் மாமனார் தன் மகளை அழைத்துவந்தார். சகோதரிக்கு நாத்தனார், காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிப்பவள். அவள் நோட்டைப் புரட்டினாள். "இங்கிலீஷ் கூட்டெழுத்தா கீதுப்பா. எனக்கு வேகமா வராது. அவரே படிச்சி சொல்லட்டும், நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

படங்களுக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். "கிணற்றிலிருந்து இருநூறு அடி."

"அளந்து கீறான்!" என்று ஒரே சத்தம்.

"அந்த அடி இல்ல. ஸ்டெப்ஸ்னு எழுதி கீது. நடந்து எண்ணியிருக்காரு" என்றாள் அவள். சத்தம் கொஞ்சம் இறங்கியது.

பக்கங்களைத் திருப்பினேன். படம் முடிந்து அவனுடைய நாட்குறிப்பு ஆரம்பித்தது. நான் அதுவரை பார்க்காதது. வெயில், கொசு, அவன் அம்மா, மாமியாரின் கஞ்சி. அதற்கு அடுத்த வரி கண்ணில் பட்டதும் தாண்டி, கீழே இருந்ததைப் படித்தேன்.

"நடுவுல வுட்டுட்டாரு" என்றாள் நாத்தனார்.

மாமனார் எழுந்தார். "இன்னா மறைக்கிற?"

எல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் படித்தேன், ஒவ்வொரு வார்த்தையாக, எதையும் குறைக்காமல்.

"என் துணை இந்த மக்களிடம் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கட்டளை என்று சொன்னால் அவன் வயிறு என்கிறான். வயிறு என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். இவனை நேசிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நேசிக்கிறேன். ஆனால் நம்பவில்லை."

கூட்டத்தில் ஒருவர், "நெலம் வாங்க வந்தவன் இத்தயா எய்திகினு இருப்பான்? வுட்டுடுங்கப்பா" என்றார். சிலர் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை.

"அப்ப வயித்துப்புண்ணு பொய்யா?"

"ஆமாங்க."

"என் பொஞ்சாதி வாரா வாரம் வெந்தயம் ஊற வெச்சி அரைச்சாளே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பையன் பொய் சொல்லல. நீ சொன்ன. உன் வாயாலதான நாங்க எல்லாத்தையும் கேட்டோம்? சாமியப் பத்திச் சொன்னியே, அதுல எது நெசம், எது பொய்யின்னு நான் எப்பிடி கண்டுபுடிக்கறது?"

அப்போதுதான் பாய் வண்டியில் வந்து இறங்கினார். அந்த ஊரில் பாதிப் பேருக்கு மோட்டார் சாமான் கொடுத்தவர். எங்களுக்காகப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். "இவங்க இன்னா பண்றாங்கன்னு எனக்கே இன்னும் வெளங்கல" என்றார் அவர். "காலைல ஆறரைக்கு எந்திரிச்சி படிக்கறாங்க. சாயங்காலம் வந்து தூங்கறாங்க. டேஷன்ல பேப்பர் கீது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்." அது போதுமானதாக இருந்தது. இனி வரக்கூடாது என்று சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சகோதரி வாசற்படியில் நின்றிருந்தாள். அவளிடம் விடைபெறக்கூட விடவில்லை.

பேருந்தில் எல்டர், நான் எந்தப் பக்கத்தைப் படித்தேன் என்று கேட்டான். காட்டினேன். அவன் காது சிவந்துவிட்டது.

"முழுவதும் படித்தாயா?"

"முதலில் விட்டுவிட்டேன். பிறகு படித்தேன்."

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டான். டம்ளரைத் தொடாமல் எழுந்தால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று சொன்னேன். "அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றான். உண்மைதான். அவனிடமும் நான் எதையும் முழுதாகச் சொன்னதில்லை. வெள்ளைக்காரப் பையன், புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரே அறையில் இருந்தோம். யார் வீட்டிலாவது நான் பேசும்போது அவன் கண் என் உதட்டிலேயே இருக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு சனிக்கிழமை சகோதரியின் புருஷன் கடை வாசலில் வந்து நின்றான். மாடிக்கு ஏற மறுத்துவிட்டான்.

"அவ சாப்புடாம அழுதுகினு கீறா. நீங்க சொல்லிக் குடுக்கறது இன்னான்னு எனக்குத் தெரியணும். ஆனா நீ சொல்லி நான் கேக்க மாட்டேன்."

தமிழில் அச்சடித்த எங்கள் புத்தகத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனான். படித்தானா, தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து, மாதம் ஒரு ஞாயிறு, காஞ்சிபுரத்தில் எங்கள் சபை வாடகைக்கு எடுத்திருந்த கூடத்துக்கு சகோதரி வர ஆரம்பித்தாள். துணைக்கு நாத்தனார் வந்தாள். துணைக்கா காவலுக்கா என்று கேட்கத் தேவையில்லை. கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாடாமல், கண்ணை மூடாமல், ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் ஊழியம் முடியப் போகிற சமயத்தில், ஒரே ஒரு தடவை நாத்தனார் தானாக வந்து பேசினாள்.

"அப்பா கேக்கச் சொன்னாரு. நீங்க ஊருக்குப் போயி இன்னா வேல பண்ணப் போறீங்க?"

"இன்னும் தெரியலீங்க. அப்பா மில்லுல வேல கேட்டு வெச்சிருக்காரு. எனக்கு அதுல இஷ்டமில்ல."

"ஒரு வார்த்த வுடாம அப்பிடியே சொல்றேன்" என்றாள். பிறகு அண்ணியை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.