மேஸ்திரி குடித்த தண்ணீர்

எழுபதுகளில் ஒரு கோடையில், மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வந்தது. ஒரே ஒரு பாட்டு எடுப்பதற்காக. மனிதர் எல்லாரும் ஒரே சாதி என்று கதாநாயகன் பாத்தி வரப்பில் ஓடிக்கொண்டே பாட வேண்டும். கதாநாயகி எங்களைப் போல உப்பு வாருகிறவள். வெள்ளை வெளேரென்று வந்து இறங்கியவளுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்புச் சாயம் பூசினார்கள். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது அவளுக்கு டப்பாவில் வந்தது. வெயிலில் அது வழிந்து ஜாக்கெட்டைக் கறையாக்கியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். காலனிப் பெண்கள்தான் அந்த அளத்தில் உப்பு வாரினோம். மூட்டை பிடிப்பதும் வண்டி ஓட்டுவதும் ஊர்க்காரர்கள். எல்லாருக்கும் மேலே ஒரு மேஸ்திரி, அவனும் ஊர்தான். அன்றைக்கு 'ங்க' போடாமல் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று எழுதுகிறவள் நான், அவன் என்றுதான் எழுதுவேன்.

சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்பதால் குடிக்கிற தண்ணீர் பீப்பாயில் மாட்டு வண்டியேறி வரும். ஊர்க்காரர்களுக்குச் சொம்பு. நாங்கள் இரண்டு கையையும் குவித்து நீட்ட வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதி முழங்கை வழியாக ஓடிவிடும். போதாது என்று மறுபடி நீட்டினால் மாட்டுக்குக்கூட இவ்வளவு தாகம் எடுக்காது என்பான் மேஸ்திரி.

பாட்டின் முடிவில் அளத்து ஜனங்கள் எல்லாரும் ஒரே சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிற மாதிரி எடுக்கப்போவதாக டைரக்டர் சொன்னார். ஊர்க்காரர்கள் பின்வாங்கினார்கள். சினிமாவில் முகம் வரும் என்ற ஆசையும் விடவில்லை, காலனிக்காரி வாய் வைத்ததில் குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் கண்ணாடி போட்ட உதவியாளர் ஒருவர் வழி சொன்னார். முதலில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் குடிக்கட்டும், அதைத் தனியாக எடுத்துக்கொள்வோம், அதன் பிறகு பெண்கள். அவர்கள் எச்சிலை நாங்கள் குடித்தால் யாருக்கும் தீட்டில்லை, அதுதானே ஊர் வழக்கம். மேஸ்திரி தலையை வாரிக்கொண்டு வந்து முதல் ஆளாகக் குடித்தான்.

மேகம் வந்து வந்து மறைத்ததில் அன்று முடியவில்லை. மறுநாளும் அதையே முதலிலிருந்து எடுத்தார்கள். வேலை நேரத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது அந்த இரண்டு நாள்தான்.

அடுத்த கோடையில் அந்தப் படம் எங்கள் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. மேஸ்திரி தன் மகளுக்குக் கீழ்புத்துப்பட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம். தன் முகம் திரையில் வருகிறது என்ற பெருமையில் சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, நாற்காலி டிக்கெட் எடுத்து உட்காரவைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான். நாங்கள் வழக்கம்போல இடது பக்கம், மணலில்.

பாட்டு வந்தது. கதாநாயகன் சொம்பை நீட்டுகிறான். வண்டிச் சக்கரம் அளவுக்கு என் முகம். நான் வாய் வைத்து மடமடவென்று குடிக்கிறேன். பிறகு எங்கள் பெண்கள். எங்களுக்குப் பிறகு அதே சொம்பு மேஸ்திரி கைக்குப் போகிறது. அவனும் வாய் வைத்துக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான். மெட்ராஸில் எவனோ ஒருவன் கத்தரிக்கோலை எடுத்து முன்னதைப் பின்னதாக ஒட்டிவிட்டிருக்கிறான்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில். அடுத்து காலனி மொத்தமும் ஒன்ஸ் மோர் என்று கத்தியது. ஆபரேட்டர் வெளியூர்க்காரன், அவனுக்கு எங்கள் ஊர் விவரம் என்ன தெரியும்? பாட்டுப் பிடித்துப்போய்க் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சுருளைத் திருப்பி மறுபடி ஓட்டினான். மேஸ்திரி இரண்டாவது தடவையும் என் எச்சிலைக் குடித்தான். சம்பந்தி வீட்டார் அதற்குள் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சம்பந்தம் வேண்டாம் என்று மறுநாளே ஆள் வந்து சொல்லிவிட்டது. மேஸ்திரி காலனி எல்லையில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டான்.

"ஏம்மா, நீயே சொல்லு. நாங்க குடிச்ச மிச்சத்தத்தான நீங்க குடிச்சீங்க? வந்து அவுங்ககிட்ட சொல்லிடு."

"படத்த நானும் பாத்தேனுங்க," என்றேன். "நீங்க நல்லாத்தான் குடிச்சீங்க."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அவன் வைத்த விலை, காலனிப் பெண்களுக்கு இனி பீப்பாயில் தண்ணீர் கிடையாது என்பது. வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோனோம். வரப்பில் வைத்த குடத்தை வண்டிக்காரர்கள் கைதவறின மாதிரி உதைத்துக் கவிழ்த்தார்கள். சித்திரை வெயில், பாத்தி முழுக்கக் கண்ணைப் பறிக்கிற வெள்ளை. மத்தியானத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிரித்த அதே பெண்கள் உன் வாய்க்கொழுப்புக்கு எங்கள் தொண்டை காய வேண்டுமா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். என் புருஷன் போய்ச் சொல்லிவிட்டு வா என்று காலில் விழாத குறை. நான் அசையவில்லை.

என்னோடு ஜோடியாக வாரியவள் நிறைமாசக்காரி. ஒருநாள் பாத்தியிலேயே சுருண்டு விழுந்தாள். அன்று சாயங்காலமே வலி கண்டு குழந்தை செத்துப் பிறந்தது. தண்ணீர் இல்லாததால்தான் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் போனேன். வருகிறேன், ஆனால் முதலில் தண்ணீர், பிறகுதான் என் வாய் என்றேன். அவன் பீப்பாயைத் திறந்துவிட்டான். எங்கள் பெண்கள் கை நீட்டிக் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு அவனோடு பஸ் ஏறினேன்.

கீழ்புத்துப்பட்டில் சம்பந்தி வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவில் நின்றுதான் பேசவேண்டியிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஊர்க்காரர்கள்தான் முதலில் குடித்தார்கள், அவர்கள் எச்சிலைத்தான் நாங்கள் குடித்தோம், படத்தில் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று தெருவே கேட்கச் சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. மாப்பிள்ளையின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இவ வயித்துப் பொழப்பு இவர் கையில," என்றாள் அக்கம்பக்கத்தாரிடம். "இவ எத வேணும்னாலும் சொல்லுவா. நாங்க கண்ணால பாத்துட்டு வந்தோம்."

கதவு சாத்திக்கொண்டது. மனிதர் எல்லாரும் ஒன்று என்று பாட்டுப்பாடிப் படம் எடுத்தால் ஜனங்கள் மாறுவார்களா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த வீட்டார் படத்தை அப்படியே நம்பினார்கள். நம்பியதால்தான் பெண் வேண்டாம் என்றார்கள்.

பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். அவன் நிழலில், நான் தள்ளி வெயிலில். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவன் பெண்ணை எனக்குத் தெரியும், வாய் பேசாத சாது. இரக்கப்படலாம் என்று பார்த்தேன். ஜோடிக்காரி வீட்டில் துணியில் சுற்றி வைத்திருந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"மொத நாளு நீங்க குடிச்சதுக்கு அப்புறம், மறுநாளு திரும்ப எடுத்தாங்களே. அந்தச் சொம்ப கழுவித்தான எங்ககிட்ட குடுத்தாங்க?"

கழுவினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவே இல்லை.

"கழுவலீங்க," என்றேன்.

பஸ் வந்தது. அவன் முன்பக்கம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான், நான் பின்னால். மரக்காணம் வந்து சேரும்வரை அவன் தலையை வெளியே நீட்டித் துப்பிக்கொண்டே வந்தான்.